சான்றோர் வரலாற்றில் பொய் கலக்கலாமா?

பிள்ளைகளுக்குச் சான்றோர் வரலாறுகளைச் சொல்லி வளர்க்க வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் மக்தப்களில் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சொல்லத் தொடங்குகிறோம். நாயகத் தோழர்கள், இமாம்கள், இறைநேசர்கள், அண்மைக் காலத்துத் தலைவர்கள், அறிஞர்கள் என்று அப்பட்டியல் நீளுகின்றது. பெற்றோரும் அத்தகைய நூல்களை விரும்பி வாங்கிப் பிள்ளைகள் கையில் தருகின்றனர். நற்செயல்தான். ஆனால், அவ்வரலாறுகளை எவ்வாறு சொல்வது என்பதில் ஒரு கேள்வி இருக்கின்றது. நல்லவர் ஒருவரை மேலும் நல்லவராகக் காட்டுவதற்கென நடவாத ஒன்றைச் சேர்க்கலாமா? நடந்த ஒன்றை விலக்கலாமா? பிள்ளைகள் நல்வழிப்பட வேண்டும் என்னும் எண்ணம் அதற்குப் போதிய நியாயம் ஆகுமா?

இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். நமக்கும் நெடுங்காலம் அவ்வாறே தோன்றிற்று. அதன் கனத்தை நாம் உணர்ந்தது ஒரு சிறுவனால்.

பல ஆண்டுகட்கு முன் நம்மிடம் திருமறை மனனம் செய்ய வந்த மாணவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒழுக்கமானவன்; உழைப்பாளி. ஆனால் பாடம் மெல்லவே அவன் நினைவில் நின்றது. நேற்று ஓதியது இன்று நழுவும். மாணவர்க்கு ஊக்கமூட்டும் எண்ணத்துடன் வியாழக்கிழமைதோறும் நாம் இமாம்களின் வரலாறுகளைச் சொல்வது வழக்கம். ஒருநாள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொன்னோம். அப்பெருந்தகை ஏழு வயதில் திருமறை முழுவதையும் மனனம் செய்து முடித்தார்கள் என்பது நூல்களில் காணும் செய்தி. வகுப்பில் இரைச்சல் மிகுதியாக இருந்தது. பிள்ளைகள் வியந்து அடங்க வேண்டும் என்று கருதினோமோ என்னவோ, நம் நா ‘ஐந்து வயது’ என்று சொல்லிற்று. அத்துடன் நில்லாது, ஒருமுறை கேட்டது ஒருநாளும் அவர்கட்கு மறந்ததே இல்லை என்றும் நாமாகவே சேர்த்துக்கொண்டோம். வகுப்பு அடங்கிற்று. நமக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த மாதம் அச்சிறுவன் வரவில்லை. அவனுடைய வாப்பாவைப் பள்ளிவாசலில் கண்டு வினவினோம். அவர் தயங்கியபடியே சொன்னார்: “ஹஜ்ரத், அவன் இனி ஓத வரமாட்டேன் என்கிறான். அல்லாஹ் ஓதக்கூடியவர்களை வேறு மாதிரிப் படைத்திருக்கிறான், என்னை அப்படிப் படைக்கவில்லை என்று சொல்லி அழுகிறான்.”

இரண்டு வயதைக் குறைத்துச் சொன்னோம். அவ்வளவுதான் நாம் செய்தது. அதுதான் அவனைத் திருப்பி அனுப்பிற்று என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆனால் அவனுக்கும் அந்த இமாமுக்கும் இடையில் நாம் ஒரு சுவரை எழுப்பினோம் என்பதை மறுக்கவும் இயலாது.

நம்முடைய செயலுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதங்கள் இல்லாமல் இல்லை. அவற்றை நேர்மையுடன் எடுத்து நோக்குவோம். திருவள்ளுவர் வாய்மையைப் பற்றிப் பேசப் புகுந்த அதிகாரத்திலேயே, களங்கமற்ற நன்மையை விளைவிக்குமானால் பொய்யும் வாய்மையோடு வைத்து எண்ணப்படும் என்ற கருத்தைச் சொல்லி வைத்தார். நம் மார்க்கத்திலும் பிணங்கி நிற்கும் இருவரை இணக்குவதற்காக ஒருவர் சொல்லும் சொல், அதில் உண்மைக்கு மாறானது இருப்பினும், பொய்யர் பட்டியலில் அவரைச் சேர்க்காது என்று நபிமொழி உண்டு. அப்படியாயின், பிள்ளைகளை நல்வழிப்படுத்தச் சொல்லும் புனைவு மட்டும் ஏன் ஆகாது?

இவ்விரு விலக்குகளையும் உற்று நோக்கின் விடை கிடைக்கும். இணக்கத்திற்காகச் சொல்லும் சொல் அந்த இருவருக்கு இடையில், அந்த வேளைக்கு உரியது. பிணக்குத் தீர்ந்ததும் அச்சொல்லின் வேலையும் தீர்ந்தது. அதனை எவரும் மனனம் செய்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதில்லை. வரலாறோ கொடுப்பதற்கென்றே சொல்லப்படுவது. இன்று நாம் சேர்க்கும் ஒரு சொல்லை நாளை நம் மாணவன் தன் மாணவனுக்குச் சான்றாகச் சொல்வான். வள்ளுவர் இட்ட நிபந்தனையோ இன்னும் கடினமானது. விளையும் நன்மையில் எள்ளளவும் குறை இருத்தல் ஆகாது என்கிறார் அவர். புனைந்த வரலாற்றால் விளையும் நன்மை அத்தகையதா? கேட்ட பிள்ளை தன்னை இழிவாக எண்ணி ஒதுங்கினால் அது குறை. வளர்ந்தபின் உண்மையை அறிந்து, ‘இதுவே பொய்யாயின் மற்றவை எப்படியோ’ என்று மெய்யானவற்றையும் ஐயுற்றால் அது பெருங்குறை.

நன்மை கருதிப் பொய்யுரைத்தல் நம் வரலாற்றில் புதிதும் அன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மர்வ் நகரில் நீதிபதியாக இருந்தவர் நூஹ் இப்னு அபீ மர்யம். கல்விகள் பலவற்றையும் ஒருங்கே திரட்டியவர் என்பதால் ‘ஜாமிஃ’, அதாவது ‘தொகுப்பவர்’ என்று பெயர் பெற்றவர். திருமறையின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஓதுவதால் கிடைக்கும் நன்மைகளைப் பற்றி நபிமொழிகளை இவர் இட்டுக்கட்டினார் என்று ஹதீஸ் கலை நூல்கள் கூறுகின்றன. காரணம் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. மக்கள் இமாம் அபூஹனீஃபாவின் சட்டக் கலையிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாற்றிலும் ஆழ்ந்து திருமறையைக் கைவிட்டனர். அவர்களை மீட்கவே, இறைவனிடம் நற்கூலி நாடி இதைச் செய்தேன் என்றார். எத்துணை நல்ல நோக்கம்! ஆயினும் ஹதீஸ் கலை அறிஞர்கள் அவரை மன்னித்து ஏற்கவில்லை. அவர் எல்லாவற்றையும் தொகுத்தார், வாய்மை ஒன்றைத்தவிர என்று அவருடைய பட்டப்பெயரைக் கொண்டே தீர்ப்பெழுதினர். இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையில், நல்லடியார்களின் நாவிலும் அவர்கள் அறியாமலே பொய் வழிந்துவிடுவதுண்டு என எச்சரிப்பார்கள். பக்தி மிகுந்த உள்ளம் தன் நாவைச் சோதிக்க மறப்பதே அதற்குக் காரணம். அன்றைய வியாழக்கிழமையில் நம் நிலை அதுவே.

நம் முன்னோர் இதில் இத்துணைக் கண்டிப்புக் காட்டியது ஏன்? வாழ்க்கை வரலாற்றுக் கலை நம் சமுதாயத்தில் புகழ்ச்சிக்காக மட்டும் தழைக்கவில்லை. ஒரு செய்தியைச் சொன்னவர் யார், எங்கே வாழ்ந்தார், எவரைச் சந்தித்தார், அவர் நினைவாற்றல் எத்தகையது, அவர் வாய்மையாளரா என்று ஆராயும் தேவையே அதனைப் பேரளவில் வளர்த்தது. பல்லாயிரம் மனிதர்களின் வாழ்வு இக்கலையால் பதிவாயிற்று. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்), ஹிஜ்ரி 234-இல், அதாவது 849-இல் மறைந்தவர். அவருடைய தந்தையும் ஹதீஸ் அறிவிப்பவரே. தந்தை நம்பத்தக்கவரா என்று மக்கள் அவரிடமே கேட்டனர். வேறு எவரிடமாவது கேளுங்கள் என்றார். மீண்டும் கேட்டனர். சற்றுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, இது மார்க்கம், என் தந்தை இதில் பலவீனமானவர் என்று விடையிறுத்தார். பெற்ற தந்தையின் புகழைவிடச் சமுதாயத்திற்குச் செல்லும் செய்தியின் தூய்மை பெரிது என்று கருதிய மகன் அவர். அத்தகையோரின் வாரிசுகள் நாம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஈண்டு மற்றொரு வினா எழும். குறைகளைச் சொல்வது புறம் பேசுதல் ஆகாதா? இறந்தோரை ஏசாதீர் என்று பெருமானார் (ஸல்) தடுத்துள்ளார்களே! மெய்தான். அந்த ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. அறிவிப்பாளர்களின் குறைகளை எடுத்துரைத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம், அறிஞர்களைப் புறம் பேசாதீர் என்று ஒரு பெரியவர் சொன்னபோது, இது நலம் நாடுதல், புறம் அன்று என்று அவர்கள் மறுமொழி கூறினார்கள். 1277-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் ஒருவரின் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு இடங்களைத் தொகுத்து, மக்களை எச்சரிப்பதற்காகச் சொல்வதை அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். ஆனால் அவ்வனுமதிக்குத் தேவை என்னும் எல்லை உண்டு. தேவையின்றி ஒருவரின் அந்தரங்கத்தைக் கிளறுவதற்கு அதில் இடமில்லை. இதனைப் பின்னர் நோக்குவோம்.

பிள்ளைகளுக்குச் சொல்லும் வரலாறு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே ஒரு பெரும் முன்மாதிரி இருக்கின்றது. அது தந்தை ஒருவர் தம் மகனுக்குச் சொன்ன தம்முடைய சொந்தக் கதை.

கஅப் இப்னு மாலிக் (ரலி) மதீனத்து அன்ஸாரி. அகபாவில் உறுதிமொழி கொடுத்தவர். பெருமானாரின் கவிஞர்களுள் ஒருவர். முதுமையில் அவர் பார்வையை இழந்தார். அவரைக் கைபிடித்து நடத்திச் செல்வது மகன் அப்துல்லாஹ்வின் பொறுப்பு. அம்மகனே தந்தையிடம் கேட்டதை உலகிற்கு அறிவித்தார். புகாரீ, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் அது நெடிய அறிவிப்பாக இடம்பெற்றுள்ளது.

ஹிஜ்ரி ஒன்பதாம் ஆண்டு, அதாவது 630-இல், தபூக் படையெடுப்பு. கடுங்கோடை. பேரீச்சம் பழங்கள் பழுத்து, நிழல் இனித்த பருவம். அதற்கு முன் ஒருபோதும் இல்லாத வகையில் தம்மிடம் இரண்டு ஊர்திகள் இருந்தன என்று கஅப் தாமே சொல்கிறார். வறுமையோ நோயோ தடுக்கவில்லை. நாளை ஆயத்தமாகலாம், நாளை புறப்படலாம் என்று ஒத்திப்போட்டார். படை நெடுந்தொலைவு சென்றுவிட்டது. ஊரில் எஞ்சியோரைப் பார்த்தால், நயவஞ்சகர் என ஐயுறப்பட்டோரும் இயலாதோருமே கண்ணில் பட்டனர்.

பெருமானார் (ஸல்) திரும்பி வந்து பள்ளிவாசலில் அமர்ந்தார்கள். பின்தங்கியோர் எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சத்தியம் செய்து சாக்குப்போக்குகள் சொன்னார்கள். அவை ஏற்கப்பட்டு, அவர்களின் உள்ளம் இறைவனிடம் விடப்பட்டது. கஅப் நாவன்மை மிக்கவர். அழகான காரணம் ஒன்றைச் சொல்ல அவருக்கு அரிதன்று. ஆனால் தமக்கு எத்தகைய காரணமும் இல்லை என்றார். இவர் உண்மை சொன்னார் என்று கூறிய அண்ணலார், இறைத் தீர்ப்பு வரும்வரை எழுந்து செல்லுமாறு பணித்தார்கள்.

வெளியே வந்தவரை அவருடைய குலத்தார் சூழ்ந்துகொண்டு கடிந்தனர். மற்றவர்போல் நீயும் ஒரு காரணம் சொல்லியிருக்கலாகாதா என்றனர். அவர்கள் விடாது சொல்லவே, திரும்பிச் சென்று தாம் சொன்னதை மறுத்துவிடவும் தமக்கு எண்ணம் வந்தது என்கிறார் கஅப். இதைக் கவனியுங்கள். மகனிடம் பேசும் தந்தை இவ்வெண்ணத்தைச் சொல்லாது விட்டிருந்தால் அறிபவர் யார்? அது அவர் உள்ளத்தில் மட்டும் நிகழ்ந்ததன்றோ? அதையும் அவர் மறைக்கவில்லை.

அதன்பின் ஐம்பது நாள் ஊர் அவருடன் பேசவில்லை. நெருங்கிய உறவினரும் அன்பருமான அபூகதாதாவின் தோட்டச் சுவரேறிச் சென்று ஸலாம் சொன்னார், பதில் வரவில்லை. கஸ்ஸான் அரசனிடமிருந்து, எம்மிடம் வந்துவிடு, உன்னை மதிப்போம் என்று மடல் வந்தது. அதை அடுப்பிலிட்டு எரித்தார். நாற்பதாம் நாள் மனைவியை விட்டும் விலகி இருக்கக் கட்டளை வந்தது. ஐம்பதாம் நாள் வைகறையில், தம் வீட்டின் மேல்தளத்தில் மனமொடிந்து அமர்ந்திருந்தபோது, ஸல்உ மலையிலிருந்து ஒரு குரல் நற்செய்தி சொல்லிற்று. அவருடைய பாவமன்னிப்பு ஏற்கப்பட்டுவிட்டது. அவரையும் அவருடன் உண்மை சொன்ன மற்ற இருவரையும் பற்றித் திருமறையின் தவ்பா அத்தியாயம் பேசுகின்றது.

இந்த வரலாற்றிலிருந்து அந்தச் சோம்பலை நீக்குங்கள். திரும்பிச் சென்று பொய் சொல்லலாமா என்ற தடுமாற்றத்தை நீக்குங்கள். எஞ்சி நிற்பது என்ன? உண்மை பேசினார், உயர்ந்தார் என்ற ஒரு வரி. அவ்வரியைக் கேட்கும் பிள்ளை தலையசைக்கும்; மறந்துவிடும். முழுக் கதையைக் கேட்கும் பிள்ளையோ, நாளைக்குச் செய்யலாம் என்று தானும் வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைத்ததை நினைக்கும். இவர் என்னைப் போன்றவர்தாம் என்று முதலில் தோன்றும். நானும் இவரைப்போல் ஆகலாம் என்று பிறகு தோன்றும். முதல் எண்ணம் வராமல் இரண்டாவது எண்ணம் வருவதில்லை.

அண்மைக் காலத்து வரலாறொன்றையும் நோக்குவோம். இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்து, 2015-இல் மறைந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் கதை இன்று நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. ஏதுமற்ற ஏழைச் சிறுவன் செய்தித்தாள் விற்று, தன்னந்தனியே போராடிக் குடியரசுத் தலைவரானார் என்றே மேடைகளில் பேசுகின்றனர். அவர் எழுதிய ‘அக்னிச் சிறகுகள்’ நூலிலோ, தந்தையார் ஆடம்பரத்தை விலக்கியவர், ஆனால் உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை, தம் இளமை பாதுகாப்பானதாக இருந்தது என்ற பொருள்பட எழுதியுள்ளார். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நில்லாமற் போனதால், ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்கத் தம் உறவினர் ஒருவருக்கு உதவியதையே முதற் சம்பாத்தியமாகக் குறிப்பிடுகிறார். பின்னர் சென்னையில் விமானப் பொறியியல் கற்க ஆயிரம் ரூபாய் அளவில் பணம் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தனி வீரனின் கதையைக் கேட்கும் பிள்ளை, இந்தச் சகோதரியைச் சந்திப்பதே இல்லை. புனைவு எப்போதும் இப்படித்தான். ஒருவரை உயர்த்தும் ஆர்வத்தில் அவரைத் தாங்கிய கைகளைத் துடைத்துவிடுகின்றது.

விமானப்படை விமானியாக விரும்பித் தேராடூன் சென்றவர் இருபத்தைவருள் ஒன்பதாவதாக நின்றார், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எண்மர். 1979 ஆகஸ்டு 10-இல் அவர் திட்ட இயக்குநராக இருந்து ஏவிய எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்தது. கணினி நிறுத்தச் சொல்லியும் ஏவலாம் என்று முடிவெடுத்தது தாமே என்பதை அவர் பிற்காலத்தில் மாணவர் முன் சொல்லிவந்தார். அன்று செய்தியாளரை எதிர்கொண்டு பொறுப்பேற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் அத்திட்டம் வெற்றி பெற்றபோது, செய்தியாளரிடம் பேசக் கலாமையே அனுப்பினார் அவர். தோல்வியை மறைத்தால் கலாமின் நேர்மையும் தவானின் பெருந்தன்மையும் ஒருங்கே மறைந்துபோகும்.

இவ்வளவும் சொன்னபின், கவிதையின் நிலை என்ன என்று கேட்கலாம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ்நாட்டு மருத வளத்துடன் வருணிக்கவில்லையா? வருணித்தார். ஆனால் காப்பியம் படிப்போர் அதனை அணி என்றே அறிவர், எவரும் ஏமாறுவதில்லை. ‘இது நடந்தது’ என்று உரைநடையில் சொல்லும்போது நாம் கொடுப்பது சாட்சியம். சாட்சியத்தில் அணி புகலாகாது.

ஆகவே பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வோரும் எழுதுவோரும் மூன்றைப் பேணுதல் நன்று என்று கருதுகிறோம். நடவாததை எந்நோக்கத்திற்காகவும் சேர்த்தலாகாது, இது முதலாவது. எல்லாவற்றையும் சொல்லித் தீர வேண்டும் என்பதில்லை; ஒருவரின் அந்தரங்கக் குறை பிறருக்குப் பயன்படாதெனின் அதை மூடிவைப்பது மார்க்கம் போற்றும் பண்பே; இது இரண்டாவது. சொல்லாது விடுதல் வேறு, மாற்றிச் சொல்லுதல் வேறு. ஆயினும் ஒருவருடைய சிறப்பு எந்தத் தடுமாற்றத்திலிருந்து பிறந்ததோ, அத்தடுமாற்றத்தை நீக்கலாகாது, இது மூன்றாவது. உறுதிப்படாத செய்தியாயின் அதற்கும் வழியுண்டு. ஹதீஸ் கலையினர் பலவீனமான அறிவிப்பை ‘நபியவர்கள் சொன்னார்கள்’ என்று துணிந்து கூறாமல், ‘இவ்வாறு அறிவிக்கப்படுகின்றது’ என்றே கூற வேண்டும் என விதித்தனர். தமிழிலும் ‘சொல்லக் கேள்வி’ என்ற அருமையான தொடர் இருக்கின்றதே! அதைச் சொல்வதால் கதையின் சுவை குன்றாது. கேட்கும் பிள்ளையோ, அறிந்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் உள்ள வேற்றுமையைக் கற்றுக்கொள்ளும்.

அச்சிறுவனைச் சென்ற ஆண்டு கண்டோம். இப்போது அவனைச் சிறுவன் என்பது தகாது. கடை வைத்திருக்கிறார், பிள்ளைகளும் இருக்கின்றனர். நெடுநாள் நெஞ்சில் கிடந்ததை அவரிடம் சொன்னோம். ஐந்து வயது என்றது நம் சொல். நூலில் உள்ளது ஏழு என்றோம். இமாமவர்கள் தந்தையை இழந்த பிள்ளை. ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயாரிடம் பொருளில்லை. ஆசிரியர் இல்லாத வேளையில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே கூலியாக ஓதினார்கள். தாள் வாங்க வழியின்றி எலும்புகளில் எழுதிவைத்தார்கள் என்று அவர்கள் வாயிலாகவே அறிவிக்கப்பட்டிருப்பதையும் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “ஹஜ்ரத், ஏழு என்று சொல்லியிருந்தாலும் நான் நின்றிருப்பேனா, தெரியாது. ஆனால் அந்த எலும்புக் கதையை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்” என்றார்.

அவர் சொன்னதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இப்போது அவருடைய மூத்த மகன் நம்மிடம் ஓத வருகிறான். அவனுக்கும் பாடம் மெல்லவே நிற்கின்றது. வியாழக்கிழமைகளில் வரலாறு சொல்லத் தொடங்குமுன் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். நம் நாவைக் காத்து, உண்மையாளர்களின் வரலாற்றை உண்மையாகச் சொல்லும் பேற்றினை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!